கல்லூரியிற் பாடந் தெரிதல்

மாந்தர் தம் வாழ்நாளிற் செய்யும் தெரிவுகள் பல. உண்பது, உடுப்பது முதலியவற்றைத் தெரிந்துகொள்வதிற் பிழை நேரின், மறுநாளே அதனைத் திருத்திக்கொள்ளலாம். கல்லூரியில் எப்பாடத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துக் கற்பது என்னுந் தெரிவோ அத்தன்மையதன்று. பதினேழு பதினெட்டு ஆண்டுப் பருவத்தில், உலகின் முகத்தைச் சரிவரக் காணுமுன்னரே, மூன்றாண்டுக் காலத்தையும் பெற்றோர் ஈட்டிய பொருளையும் ஒன்றன்மேல் வைத்து, 'இதுவே என் பாடம்' என்று நாம் கையொப்பமிடுகின்றோம். அங்ஙனம் இடுங்கால் நம்முட் பலர் யாது கருதி இடுகின்றனர்? யாது கருதி இடல்வேண்டும்? இவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்டுதோறும் கல்லூரியிற் சேர்க்கை நடைபெறுங் காலத்து, அலுவலகத்தின் முன் நிற்கும் கூட்டத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். ஒருவன் தன் தோழன் விலங்கியல் எடுத்தான் என்பதற்காகத் தானும் விலங்கியல் எடுக்கின்றான். ஒருத்தி மதிப்பெண் மிகுதியாகப் பெற்றாள். அதனை வீணாக்கலாகாது என்று பிறர் கூற, தான் விரும்பாத கணிதத்திற் சேர்கின்றாள். இன்னொருவன் கேட்ட பாடங்களிலெல்லாம் இடம் நிரம்பிவிட்டமையால் எஞ்சிய பாடத்தில் வந்து சேர்கின்றான். சென்னையிலிருந்து மாமன் ஒருவர் தொலைபேசியிற் சொல்லிய ஒரு சொல் மற்றொருவன் வாழ்வை முடிவு செய்துவிடுகின்றது. இவருள் எவரையும் யான் இகழ்கின்றிலேன். ஏழைகளுக்குத் தெரிவு என்பதே ஒரு செல்வம் என்பதை அறிவேன். ஆயினும், இவருள் ஒருவரும் தாமே பாடத்தைத் தெரிந்தவரல்லர் என்பதை மறைத்தற்கில்லை. அதன் பயனை இரண்டாம் ஆண்டில் அவர் முகங்களிற் காண்கின்றோம்.

என் செய்தியைச் சிறிது கூறுதல் இங்கு வேண்டப்படுகின்றது. யான் வைகை அணையை அடுத்த ஊரினன். எந்தையார் அணையின் நீர்த்தேக்கத்தில் வலை வீசி மீன் பிடித்துப் பிழைப்பவர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வந்தபொழுது எம் இல்லத்தில் நான்கு வழிகள் பேசப்பட்டன. அன்னையார் செவிலியர் கல்வியை விரும்பினார். அதைக் கற்றவர் எவரும் வேலையின்றி இருந்ததை அவர் கண்டிலர். தாய்மாமன் பெரியகுளத்திலுள்ள தோட்டக்கலைக் கல்லூரியைச் சுட்டினார். திராட்சையும் வாழையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் வாயிலிற் பிறந்தவனுக்கு அதுவே பொருந்தும் என்பது அவர் கருத்து. பள்ளியாசிரியர் ஒருவர் பொறியியலைக் கூறினார். தமிழ் என்றவன் யான் ஒருவனே. அன்றிரவு எம் வீட்டில் ஒருவரும் நன்றாய் உண்ணவில்லை. "தமிழ் படித்து என்ன ஐயா செய்யப்போகிறாய்? உனக்குப் பின்னால் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாளே" என்று அன்னையார் ஒருமுறை கேட்டார், மறுமுறை கேட்டிலர். அதற்கு விடை கூற யான் அறிந்திலேன். அவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பாடந் தெரிவோர்க்குப் பெரியோர் பொதுவாகக் கூறும் அளவுகோல்கள் மூன்று. அவை வருவாய், விருப்பம், உலகின் தேவை என்பன. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

வருவாயை எண்ணுதல் இழிவென்று சிலர் கூறுவர். அவர் பசி அறியாதவர். வீட்டில் கடனும், மணஞ்செய்து கொடுத்தற்குரிய தங்கையும், தளர்ந்து வரும் தந்தையும் இருக்க, 'எனக்குப் பொருளில் நாட்டமில்லை' என்று ஒரு மாணவன் கூறுவானாயின், அது துறவன்று. பிறர் உழைப்பில் வாழும் ஆசையே. ஆனால் வருவாய் என்னும் இவ்வளவுகோல் நிலையாக நிற்பதன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிற் பொறியியல் கற்றவனுக்கு வாழ்வு உறுதி என்று ஊரெல்லாம் பேசிற்று. நிலத்தை விற்றும் பிள்ளைகளைச் சேர்த்தனர். கல்லூரிகள் பல்கிப் பெருகின. பின்னர், 2010-ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட காலத்தில், ஆயிரக்கணக்கான இடங்கள் சேர்வாரின்றிக் கிடந்தன. கல்லூரிகள் சில மூடவும்பட்டன. பொறியியல் அதனால் தாழ்ந்த கல்வி ஆகிவிடவில்லை. அதனை விரும்பிக் கற்றோர் நிலைத்தனர். வருவாய் ஒன்றையே நம்பிச் சேர்ந்தோர் பலர் இடர்ப்பட்டனர். இன்று மிகுபொருள் தரும் தொழில், நாம் கற்று வெளியேறுங்கால் எந்நிலையில் இருக்கும் என்று உறுதி கூறவல்லார் யாவர்?

இனி விருப்பம். இதுவும் நாம் நினைக்கும் அளவு நம்பத்தக்கதன்று. பள்ளிப் பருவத்தில் நாம் விரும்பிய பாடம் எது என்று உள்ளத்தைக் கேட்பின், பெரும்பாலும் அப்பாடத்தைக் கற்பித்த ஆசிரியரையே நாம் விரும்பியிருந்தோம் என்பது புலனாகும். அவர் மாறிச் சென்றால் விருப்பமும் உடன் செல்கின்றது. மருத்துவராக வேண்டும் என்பான் ஒருவனது மனக்கண்ணில் நிற்பது வெள்ளை அங்கியேயன்றி, உறக்கமற்ற இரவுகளல்ல. தமிழ் கற்கவேண்டும் என்று விரும்பிய என் மனக்கண்ணிலும் அக்காலத்து நின்றவை கவியரங்க மேடையும் கைத்தட்டலுமேயன்றி, நூற்பாக்களும் உரைவேறுபாடுகளும் அல்ல.

மூன்றாவது, உலகின் தேவை. இதற்கு நம் திருச்சபையார் நன்கறிந்த சான்று ஐடா ஸ்கடர் அம்மையார் ஆவர். தாயார் நோயுற்றமையால் அமெரிக்காவிலிருந்து இந்நாட்டிற்கு வந்த அவ்விளம்பெண், மருத்துவ ஊழியத்தில் நாட்டமில்லாதவராய், விரைவில் தாயகம் திரும்பும் எண்ணத்தோடு திண்டிவனத்தில் தங்கியிருந்தார். ஓரிரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையிலுள்ள தம் மனைவியர்க்கு உதவ ஒரு பெண் வேண்டும் என்று இரந்தனர். ஆண் மருத்துவரை அவர் ஏற்கவில்லை. அம்மையாரோ மருத்துவம் அறியார். அம்மூன்று பெண்களும் இறந்தனர். அவர் உடனே அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இற் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தம் பணியைத் தொடங்கினார். 1918-இற் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே எழுந்தது. அழைப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. எனினும், அத்தகைய இரவு எல்லார் வாழ்விலும் வருவதில்லை. கதவு தட்டும் ஓசை கேளாத நம்மனோர் யாது செய்வது?

இம்மூன்று அளவுகோல்களும் வேண்டற்பாலனவே. ஆயினும் மூன்றும் சேர்ந்தும் போதா. நான்காவது ஒன்றுண்டு. அதனை எனக்குக் கற்பித்தவர் கல்லூரிப் படிக்கட்டை மிதியாத எந்தையாரே. வீட்டில் வாக்குவாதம் நிகழ்ந்த நாட்களில் ஒன்றும் பேசாதிருந்த அவர், ஒரு மாலை நீர்த்தேக்கத்தின் கரையிற் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே என்னை நோக்கி, "மீன் பிடிப்பது எல்லார்க்கும் பிடிக்கும், ஐயா. வலை பின்னுவது உனக்குப் பிடிக்குமா என்று பார்த்துக்கொள்" என்றார். அவ்வளவே.

அச்சொல்லை யான் பலநாள் எண்ணினேன். ஒவ்வொரு கல்விக்கும் மீனும் உண்டு, வலையும் உண்டு. பயனும் புகழும் மீன். நாள்தோறும் செய்யவேண்டியதாய், யாரும் காணாததாய், கைத்தட்டல் இல்லாததாய் உள்ள உழைப்பே வலை. எப்பாடத்தின் இன்பத்தை விரும்புகின்றோம் என்று வினவுதல் எளிது. எப்பாடத்தின் சலிப்பைப் பல்லாண்டு தாங்க வல்லோம் என்று வினவுதலே பாடந் தெரிவோன் செய்யத்தக்கது என்பது என் துணிபு. செவிலியர் கல்வியின் வலை, நோயாளியின் படுக்கையைத் தூய்மை செய்தல். தோட்டக்கலையின் வலை, வெயிலில் நின்று இலைப்புழுவை எண்ணுதல். பொறியியலின் வலை, ஒரு கணக்கை நான்குமுறை சரிபார்த்தல். தமிழின் வலை, இலக்கணமும் பாட வேறுபாடும். அவ்விடுமுறையில் யான் நன்னூலை எடுத்துப் புணர்ச்சி விதிகளை நாளொன்றுக்கு ஐந்தாக எழுதிப் பார்த்தேன். சலிப்பு இருந்தது, ஆனால் மறுநாள் விடியலில் மீண்டும் அதனை எடுக்கக் கை தயங்கவில்லை. அதன் பின்னரே பெற்றோரிடம் என் முடிவை உறுதியாகக் கூறினேன்.

இக்கருத்திற்குப் பெரியோர் வாழ்வே சான்றாகும். எங்கள் அணைக்கு நீர் தரும் ஆறுகளுள் சுருளியாறும் ஒன்று. அச்சுருளி மலையோடு தொடர்புடையவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையிற் பிறந்த இக்கிறித்தவப் பெரியார், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியரானார். மூலிகையில் நாட்டங்கொண்டு சுருளி மலைக்குச் சென்றவிடத்துக் கருணானந்தர் என்னுந் துறவியைக் கண்டு அவர்பால் மருத்துவம் பயின்றார். பின்னர்த் தஞ்சைக்குச் சென்று ஆசிரியராகவே பணியாற்றினார். மருத்துவம் தம் குடும்பத்தைக் காக்க வல்லதான பிறகே ஆசிரியப் பணியை விட்டார். அம்மருத்துவத்தால் வந்த பொருளைக் கொண்டு தோட்டம் அமைத்துப் பயிர்த்தொழில் ஆய்ந்தார், இசையிலும் ஈடுபட்டார். 1912-இல் தஞ்சையில் இசைக்கெனச் சங்கம் நிறுவி, தம் பொருளைச் செலவிட்டு மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடாவில் நிகழ்ந்த அனைத்திந்திய இசை மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1917-இற் 'கருணாமிர்த சாகரம்' என்னும் ஆயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட பெருநூலை வெளியிட்டு, 1919-இல் இவ்வுலகை நீத்தார்.

ஆசிரியர், மருத்துவர், பயிர்த்தொழிலாளர், இசையாய்வாளர் என இத்துணைத் தொழிலும் ஒருவரிடத்தே அமைந்தமை கண்டு, 'அவருக்குப் பல விருப்பம் இருந்தது. எதையும் தெரிந்துகொள்ளவில்லை' என்று கூறலாமோ? ஆகாது. பழந்தமிழிசையிற் சுருதிகள் இருபத்து நான்கு என்று நிறுவுதற்கு அவர் ஆண்டுக்கணக்கில் எண்களோடு போராடினார். அது பாடுவதன் இன்பமன்று, கணக்கிடுவதன் சலிப்பு. ஒரு மூலிகையை இனங்கண்டு மருந்தாக்குதலும் அத்தகையதே. அவர் மேற்கொண்ட துறை ஒவ்வொன்றிலும் வலை பின்னினார். ஆதலின் ஒரு துறையினின்று மற்றொன்றிற்குச் சென்றபொழுது முன் கற்றது வீண்போகவில்லை. இன்னொன்றும் நாம் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். வருவாய் தரும் பணியை அவர் வெறுத்து எறிந்துவிடவில்லை. அதனைக் காலடியில் நிலமாகக்கொண்டே அடுத்ததை நோக்கிக் கை நீட்டினார். முதற்பாடம் முடிவான பாடமன்று என்பதற்கும், குடும்பக் கடமையும் உள்ள விருப்பமும் பகையல்ல என்பதற்கும் அவர் வாழ்வு சான்றாகும்.

மற்றொரு சான்று வைகை நீர் பாயும் மதுரைக்கு அருகிலேயே உண்டு. விளாச்சேரியில் 1870-இற் பிறந்த சூரியநாராயண சாத்திரியார், பின்னர்ப் பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று, 1892-இற் பட்டம் பெற்றார். தத்துவமும் தமிழும் அவருக்கு ஒருங்கே கைவந்தன. அக்கல்லூரித் தலைவர் மில்லர் துரை தத்துவத்துறையிற் பணி தர முன்வந்தார் என்றும், அவரோ தமிழ்த்துறையையே வேண்டிப் பெற்றார் என்றும் அவர் வரலாறு கூறும். தமிழாசிரியர்க்கு மதிப்புக் குன்றியிருந்த காலம் அது. 1902-இற் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்தினின்று தாய்மொழிகளை நீக்க முயற்சி எழுந்தபொழுது, அதனை எதிர்த்து உழைத்தவருள் அவரும் ஒருவர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அவர் எழுதினார். 1903-இல் முப்பத்துமூன்றாம் வயதில் மறைந்தார். இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது 2004-இல். தம் உழைப்பின் பயனை அவர் கண்டாரில்லை. மீன் கரைசேரக் காணாமலே வலை பின்னியவர் அவர். அவர் தமிழைத் தெரிந்திராவிடின், இன்று யானும் என் வகுப்புத் தோழரும் அமர்ந்திருக்கும் வகுப்பறை இருந்திருக்குமோ என்று ஐயுறுகின்றேன்.

இனி, தடைகள் சிலவற்றிற்கு விடை கூறல் வேண்டும். 'மதிப்பெண் குறைந்தவரே தமிழெடுப்பர். தமிழால் உலகிற்கு யாது பயன்?' என்பது முதல் தடை. இதற்கு எங்கள் அணையையே சான்றாகக் காட்டுவேன். 1895-இற் பென்னிகுவிக் முதலிய பொறியாளர் முயற்சியால் மேற்கே ஓடிய பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டது. அந்நீரையும் வைகையின் நீரையும் தேக்கும் வைகை அணை, 1959-ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் காமராசரால் திறந்துவைக்கப்பட்டது. அணையின் உயரம் 111 அடி. நீர் தேங்கும் அளவு 71 அடி. இது பொறியியலின் வெற்றி. அந்நீரைக்கொண்டு எப்பயிரை எங்ஙனம் விளைவிப்பது என்று ஆராயும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அணையின் அருகிலேயே உள்ளது. இது வேளாண்மையின் தொண்டு. ஆனால் அணை எழுந்தபொழுது நிலமும் ஊரும் நீரில் மூழ்கப் பெயர்ந்து சென்றோர் துயரை எக்கணக்கு எழுதி வைத்தது? அதனைப் பொருளாகக்கொண்டு 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்னும் புதினத்தை எழுதியவர், அந்நீரால் ஊரிழந்த குடும்பத்திற் பிறந்து, கல்லூரியில் தமிழ் பயின்ற வைரமுத்து. அந்நூல் 2003-இற் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. மதகும் வேண்டும், வயலும் வேண்டும், இழந்தோர் குரலைக் காக்கும் சொல்லும் வேண்டும். இவற்றுள் ஒன்றை உயர்வென்றும் மற்றொன்றை எச்சமென்றும் கூறுதல் பேதைமை.

'வறியவர்க்கு இவ்வறிவுரை பொருந்துமோ?' என்பது இரண்டாம் தடை. வறியவர்க்கே இது மிகப் பொருந்தும் என்பேன். செல்வன் பிழைபடத் தெரிந்தால் மீண்டும் தெரிந்துகொள்வான். வறியவனோ மூன்றாண்டையும் இழந்து, கடனையும் சுமப்பான். சலிப்பைத் தாங்கமாட்டாமல் நடுவிற் படிப்பை விட்டோரை யாம் எம் ஊரிற் கண்டிருக்கின்றோம். குறைந்த ஊதியந் தருவதாயினும் முடிக்கத்தக்க கல்வி, மிகுந்த ஊதியந் தருவதாய் முடிக்கவொண்ணாத கல்வியினும் மேலானதன்றோ?

'பிழையாகத் தெரிந்துவிட்டோர் யாது செய்வது?' என்பது மூன்றாம் தடை. அவர்கள் மனந்தளர வேண்டா. ஆசிரியப் பயிற்சி பெற்ற பண்டிதர் மருத்துவரானார். தத்துவங் கற்ற கலைஞர் தமிழாசிரியரானார். எடுத்த பாடத்தின் வலையை ஒழுங்காகப் பின்னக் கற்றவன், பின்னர் எந்நீரிலும் அதனை வீசலாம். தாலந்துகளைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையில் கடிந்துகொள்ளப்பட்டவன், குறைவாகப் பெற்றவன் என்பதற்காகக் கடியப்படவில்லை. அஞ்சி அதனை மண்ணிற் புதைத்தமைக்காகவே கடியப்பட்டான். விருப்பமில்லாப் பாடத்தில் மூன்றாண்டும் முகஞ்சுளித்து வீற்றிருத்தலும் ஒருவகைப் புதைத்தலே.

நம் கல்லூரி அதிபரவர்கட்கும் பேராசிரியர்கட்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றேன். சேர்க்கைக்கு முன் ஒருநாள், புதிதாய் வரும் மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்து, ஒவ்வொரு துறையிலும் பயிலும் மூத்த மாணவர் இருவரைக்கொண்டு பேசுவித்தல் நன்று. பாடத்தின் பெருமையை அவர் கூறல்வேண்டா. அதனை அச்சிட்ட தாள்களே கூறும். அப்பாடத்தில் தாம் கண்ட சலிப்பு யாது, எவ்விரவில் அதனை விட்டுவிட எண்ணினர், எதனால் விடவில்லை என்பனவற்றை அவர் உண்மையாகக் கூறட்டும். அவ்வொருநாட் பேச்சுப் பல பிள்ளைகளின் மூன்றாண்டைக் காக்கும். தமிழ்த்துறையின் சார்பிற் பேச யான் முன்வருவேன்.

முடிவாக, என் அன்னையாரின் வினாவிற்கு யான் இன்னும் முழு விடை காணவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆசிரியப்பணி, அரசுத்தேர்வு, இதழ்ப்பணி, மொழிபெயர்ப்பு எனத் தமிழ் கற்றார்க்கும் வழிகள் உள்ளன. அவற்றுள் எதுவும் உறுதியன்று. விடுமுறையில் வீடு செல்லுங்கால் அவர் அதனைப் பற்றிக் கேட்பதில்லை. என் புத்தகங்களைத் தூசு தட்டி அடுக்கி வைக்கின்றார். அந்த அடுக்கிற்கு யான் கடன்பட்டவன். மாணவ நண்பர்காள்! பாடத்தைத் தெரியுமுன் அதன் வலையை ஒருநாளேனும் கையிலெடுத்துப் பாருங்கள். தெரிந்தபின் கையை எடாதீர்கள். உள்ளத்தையும் உழைப்பையும் ஆராய்ந்தறியும் எல்லாம்வல்ல இறைவன் நம் தெரிவுகளை நன்னெறிக்கண் உய்ப்பானாக.